மாடுகளே வரட்டும்

"அந்த பட்டன்லருந்து கைய எடுங்க மர்டோ."

"எடுக்கலைன்னா?"

"எடுக்கலைன்னா நாளையிலருந்து நீங்க இந்த ஷெட்டுக்குள்ள வர வேணாம்."

"இந்த ஷெட்ட கட்டுனது யாருன்னு தெரியுமா பொண்ணே?"

"தெரியும். அதனாலதான் இத்தன நாளா வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

போன வசந்தத்தில் எனக்கும் என் மாமனாருக்கும் நடந்த பேச்சு இது. பக்கத்தில் மாடுகள் நின்றதால் இரண்டு பேருமே குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு பலமுறை நினைத்துக்கொண்டேன். கத்திச் சண்டை போட்டவர்கள் சாயங்காலத்துக்குள் சமாதானம் ஆகிவிடுவார்கள். மர்டோ கத்தவில்லை. அவர் வரிசையில் கறந்து முடிந்திருந்த மாடுகளை வெளியே விட்டார். குழாயடியில் பூட்ஸைக் கழுவினார். பாதையைக் கடந்து எதிர்ப்பக்கம் இருந்த தன் வீட்டுக்குப் போய்விட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மாட்டின் மடி கைக்கு எட்டும்படி ஷெட் நடுவே தாழ்த்திக் கட்டிய பால் கறக்கும் குழிக்குள் நின்ற என் கணவன் ஈவன், இரண்டு கையிலும் கறவை எந்திரத்தின் கப்புகளைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன ஷோனா பண்ணிட்ட?"

"உங்கப்பாவ வெளிய அனுப்பிட்டேன்."

"அதான் பாத்தேனே. ஞாயித்துக்கிழம சாப்பாட்டுக்கு அவர யாரு கூப்பிடறது?"

"நீதான்."

"நான் மாட்டேம்பா. எனக்கு உயிர் மேல ஆச இருக்கு."

அதற்கு முந்தின நாள்தான் நைரி வந்து போயிருந்தார். பால் கம்பெனிக்காகப் பண்ணை பண்ணையாகப் போய் மாடுகள் சுகமாக இருக்கின்றனவா என்று பார்த்து மதிப்பெண் போடுவது அவருடைய வேலை. பாலைச் சோதிப்பதற்கு வேறு ஆட்கள் உண்டு. நைரி பார்ப்பது மாட்டை மட்டும். தோல் பளபளக்கிறதா, இடுப்பெலும்பு துருத்துகிறதா, வால் எங்காவது முறிந்து கோணியிருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார். வால் கோணியிருந்தால் யாரோ ஆத்திரத்தில் முறுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடைசியில் ஷெட்டின் வெளிவாசலில், மாடுகள் கறந்து முடித்துப் புல்வெளிக்குத் திரும்பும் இடத்தில், கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு நின்றுவிடுவார். ஒவ்வொரு மாடும் எப்படி நடக்கிறது என்று பார்ப்பார்.

"உங்க மாடுங்கள்ல அஞ்சுல ஒண்ணு நொண்டுது ஷோனா," என்றார் அன்றைக்கு.

"ஏன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா சரி பண்ணுங்க. அடுத்த வசந்தத்துல திரும்ப வருவேன். அப்பவும் இப்படியே இருந்துதுன்னா கம்பெனி லாரி உங்க கேட்டுக்குள்ள திரும்பாது. இத மிரட்டலா எடுத்துக்காதீங்க. கம்பெனி முடிவு பண்ணினது, நான் சொல்றேன், அவ்வளவுதான்."

லாரி வராவிட்டால் பாலை என்ன செய்வது? பாலை விற்க முடியாவிட்டால் மந்தையை விற்க வேண்டும். மந்தை போன பிறகு, தகிதிமு மலையைப் பார்த்தபடி கிடக்கும் இந்த ஈரப் புல்வெளியில் எங்களுக்கு என்ன வேலை இருக்கப் போகிறது?

மாடுகள் ஏன் நொண்டின என்று எனக்கு உண்மையாகவே தெரியும். ஷெட்டுக்குப் பின்னால், மாடுகள் முறைக்காகக் காத்து நிற்கும் சிமெண்ட் முற்றம் இருக்கிறது. அதன் கடைசியில் சக்கரத்தில் ஓடும் ஓர் இரும்பு கேட். பட்டனை அழுத்தினால் அது மெல்ல முன்னால் நகரும். மாடுகள் ஷெட்டுக்குள் போகப் போக முற்றத்தில் மிஞ்சும் காலி இடத்தை அடைப்பதற்காக வைத்தது அது. மர்டோ அதை மாடுகளைத் தள்ளுவதற்கு வைத்துக்கொண்டார். இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான் செய்வார்கள். சாவகாசமாக நிற்கும் மாட்டைக் கண்டால் எங்கள் ஆட்களுக்குக் கை தானாகவே பட்டனுக்குப் போகும்.

மாடு காலை வைக்கும் இடத்தைப் பார்த்துத்தான் வைக்கும். தலையைத் தாழ்த்தி, கல் எங்கே, பள்ளம் எங்கே என்று பார்த்து முன்னங்காலை வைக்கும். முன்னங்கால் எடுத்த இடத்தில்தான் பின்னங்காலை வைக்கும். பின்னாலிருந்து இரும்பு இடித்தால் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கும். தலைகளெல்லாம் மேலே போய்விடும். கண் தரையைப் பார்க்காது. சிமெண்டில் குளம்பு முறுகும், ஓரம் பிளக்கும், பிளந்த இடத்தில் சரளைக்கல் ஏறிக்கொள்ளும். அப்புறம் நொண்டாமல் என்ன செய்யும்?

இதை நான் மர்டோவிடம் நயமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

"நீ இன்வர்கார்கில் டவுன்ல பஸ் டிரைவர் பொண்ணு. மாட்ட பத்தி எங்கிட்ட பேசறியா?" என்று சிரிப்பார்.

"எங்கப்பா யாரையும் பின்னாலருந்து இடிச்சு பஸ்ல ஏத்தினதில்ல மர்டோ."

"அதான் எந்த பஸ்ஸும் நேரத்துக்கு வந்ததில்ல."

கெட்ட மனிதர் இல்லை அவர். கன்று ஈன முடியாமல் தவிக்கும் பசுவின் பக்கத்தில் ஆலங்கட்டி மழையில் குந்தி உட்கார்ந்து, அதன் காதோடு பேசிக்கொண்டிருக்கும் மர்டோவை நான் பார்த்திருக்கிறேன். அவசரம்தான் அவருடைய நோய். என் மாமியார் நெட்டா இருந்த காலத்தில் கஞ்சியைக் கிண்டி மேசையில் வைத்துவிட்டு ஜன்னலருகே நின்று ஷெட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். கஞ்சி ஆறுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று பறந்து பறந்து கறந்தவர் மர்டோ. நெட்டா போன பிறகும் அந்தப் பறத்தல் அவரை விட்டுப் போகவில்லை. யாருமில்லாத வீட்டுக்கு ஓடுவதற்காக மாடுகளை இடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்.

எனவே அன்று முதல் என் தலைமேல் இரண்டு பாரம். ஒன்று பண்ணை. மற்றது யாரிடமும் சொல்ல முடியாதது. அடுத்த வசந்தத்தில் நைரி வந்து, மாடுகள் அதே மாதிரி நொண்டுகின்றன என்று சொல்லிவிட்டால், ஒரு மனிதரை அவர் கையால் கட்டிய ஷெட்டிலிருந்து நான் வெளியே அனுப்பியது வெறும் திமிர் என்றாகிவிடும். பண்ணை போனாலும் இன்னொரு பண்ணையில் கூலிக்குக் கறந்து பிழைத்துக்கொள்ளலாம். அந்தப் பழியோடு எப்படிப் பிழைப்பது?

ஆரம்பத்தில் பட்ட பாடு கொஞ்சமில்லை. இடித்தே பழகிய மாடுகள், இடிக்காவிட்டால் நகரமாட்டோம் என்று நின்றன. நான் குழிக்குள் நின்று காத்திருந்தேன். அவை முற்றத்தில் நின்று அசைபோட்டன.

"ஷோனா, அதுங்க உன்ன பாத்து சிரிக்குதுங்க," என்றான் ஈவன்.

"சிரிக்கட்டும்."

"எனக்கு பசிக்குது."

"உனக்கு எப்பதான் பசிக்கல?"

"ஒரே ஒரு தடவ... லேசா... பட்டன தொட்டா போதும்."

"தொட்டுப் பாரு. உங்கப்பா வீட்லதான் சாப்பாடு உனக்கு. அவரும் தனியா இருக்காரு, பேச்சுத் துணைக்கு ஆச்சு."

முதலில் இறங்கி வந்தது மிஸஸ் மில்ன். ஊர்த் தபால் நிலையத்தில் ஒருகாலத்தில் இருந்த அம்மாளைப் போலவே எல்லோரையும் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பது மாதிரி பார்க்கும் என்பதால் அந்தப் பசுவுக்கு அந்தப் பெயர். ஒரு காலையில், கேட் அசையவில்லை, நாய் குரைக்கவில்லை, யாரும் சீழ்க்கை அடிக்கவில்லை. மிஸஸ் மில்ன் தலையைத் தாழ்த்திச் சிமெண்டை முகர்ந்து பார்த்துவிட்டு, ஒவ்வொரு அடியாக யோசித்து வைத்து, ஷெட்டுக்குள் வந்து தன் இடத்தில் நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் வரிசையே வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கப்பு மாட்டும்போது கண்ணைத் துடைக்க முடியாது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே கறந்தேன்.

மர்டோவிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது. போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் சாப்பிட வந்தார். ஈவன்தான் போய்க் கூப்பிட்டான். ஆட்டுக்கறி ரோஸ்ட்டும் சிவப்பு முள்ளங்கி மசியலும். குழம்புக் கிண்ணம் அவரிடமிருந்து ஈவனுக்கும், ஈவனிடமிருந்து எனக்கும் போனது. நேராகக் கொடுத்தால் தூரம் குறைவுதான்.

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் தபால்காரனா?" என்றான் ஈவன்.

"நல்ல கறி," என்றார் மர்டோ, தட்டைப் பார்த்து.

குளிர்காலம் வந்தது. மாடுகள் பால் வற்றி, சினையோடு தூரத்துப் புல்வெளிக்குப் போய்விட்டன. ஷெட் காலி. ஒருநாள் காலை உறைபனியில் சம்மட்டிச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். மாடுகள் நடந்து வரும் சரளைப் பாதை முடிந்து சிமெண்ட் முற்றம் தொடங்கும் இடத்தில் மர்டோ ரயில் தண்டவாளக் கட்டை ஒன்றைக் குறுக்கே போட்டு, இரும்புக் கம்பி அடித்து இறுக்கிக்கொண்டிருந்தார். முற்றத்துக்கு ஒரு விரல் கூட உள்ளே வரவில்லை. கோட்டுக்கு வெளியே நிற்கும் ஆட்டக்காரன் மாதிரி கவனமாகப் பாதைப் பக்கமே நின்றார்.

"என்ன பண்றீங்க மர்டோ?"

"ஷெட்டுக்குள்ள வரக்கூடாதுன்னுதான சொன்ன? வெளிய நிக்கக்கூடாதுன்னு சொல்லலையே."

"அத கேக்கல. இது என்னன்னு கேட்டேன்."

"மாடு இத தாண்டி கால தூக்கி வெக்கும். குளம்புல ஒட்டின கல்லெல்லாம் இந்தப் பக்கமே உதுந்துடும். சிமெண்ட்டுக்கு வராது." கம்பியை இன்னோர் அடி அடித்தார். "கல்லு சிமெண்ட்டுக்கு வந்தாதான குளம்புல ஏறும். நீ சொன்னதுதான்."

நீ சொன்னதுதான். அந்த வார்த்தையை அவர் எவ்வளவு சுலபமாகச் சொன்னார்! பிறகு சம்மட்டியைக் கீழே வைத்தார்.

"ஷோனா..."

"சொல்லுங்க."

தொண்டையைச் செருமினார். தொப்பியைக் கழற்றி மாட்டினார். "தெக்குக் காத்து திரும்புது. சாயங்காலம் மழ வரும்."

அதன் பிறகு அது வாடிக்கையாகிவிட்டது. வாளியும் வாரியுமாகப் பாதை நெடுகச் சரளையைப் பொறுக்கிக்கொண்டிருப்பார். என்னைக் கண்டால் நிமிர்வார். "ஷோனா" என்பார். ஏதோ ஒன்று அவர் வாய்வரை வந்து நிற்பது தெரியும். பிறகு மழை என்பார், பனி என்பார், மேகம் என்பார்.

"எங்கப்பா உன்கிட்ட பேசறத கேட்டா ரேடியோவுல வானிலை அறிக்கை கேக்கற மாதிரியே இருக்கு," என்றான் ஈவன்.

"அவர் என்னமோ கேக்க நெனைக்கிறாரு."

"நீயும்தான் என்னமோ சொல்ல நெனைக்கிற. ரெண்டு பேரும் ஒரே தொழுவத்துக் கழுதைங்க."

அவன் சொன்னது சரி. வந்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கும் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பாதியில் கூப்பிட்டால் அது இரக்கம் ஆகிவிடும். நைரி வந்து பார்த்து, நான் செய்தது மாட்டுக்காகத்தான் என்று தெரிந்த பிறகுதான் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியும் என்று இருந்தேன்.

ஆகஸ்டில், இங்கே வசந்தம் தொடங்கும்போது, மாடுகள் கன்று போட்டன. ஷெட் மறுபடி உயிர் பெற்றது. முதல் ஈற்றுப் பசுக்கள் பல இந்த முறை புதிதாகச் சேர்ந்திருந்தன. அவற்றுக்கு அந்த கேட் இடித்த அனுபவமே கிடையாது. இடிக்காமலே உள்ளே வரப் பழகின. மழை மட்டும் விடவில்லை. பாதை சேறாகி, குளம்பெல்லாம் ஊறி, எந்த மாடு எப்போது நொண்டும் என்று நான் தூக்கத்தில்கூடக் குளம்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மழைக்கு நடுவில்தான் நைரி வந்தார்.

"நான் இல்லன்னு நெனச்சு கறங்க," என்று சொல்லிவிட்டு, மாடுகள் ஷெட்டுக்குள் வரும் வாசலுக்கு எதிரே ஓரமாக நின்றுகொண்டார். புத்தம் புதிய மஞ்சள் மழைக்கோட்டு போட்டிருந்தார். அதுதான் வினை.

முதல் இரண்டு வரிசை ஒழுங்காக வந்து கறந்து போனது. மூன்றாவது வரிசைக்கு முன்னால் நின்றது ஒரு முதல் ஈற்றுப் பசு. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. அது ஷெட் வாசலில் ஓர் அடி வைத்தது, மஞ்சள் கோட்டைப் பார்த்தது, நான்கு காலையும் ஊன்றி நின்றுவிட்டது. அது நின்றால் பின்னால் உள்ள அத்தனையும் நின்றன. ஷெட்டில் கறவை எந்திரம் மட்டும் டக் டக் என்று வெறுமனே அடித்துக்கொண்டிருந்தது.

நான் காத்திருந்தேன். ஆலங்கட்டி தகரக் கூரையில் கொட்டத் தொடங்கியது. சுட்டிப் பசு அசையவில்லை. நைரி அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். மாட்டை மட்டுமல்ல, மாடு நகராதபோது மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பதையும் அவர் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தால் மட்டும் போதுமா?

ஈவன் குழிக்கு மேலே, பட்டனுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். அவன் முகத்தைப் பார்த்தேன். பயந்துபோயிருந்தான். பண்ணையே போய்விடுமோ என்ற பயத்தில் அவன் கை, அவனுக்கே தெரியாமல், பரம்பரைப் பழக்கம் இழுத்த பக்கம் போய்க்கொண்டிருந்தது. இங்கிருந்து கத்தினால் மாடுகள் மிரளும். கத்தாவிட்டால் அவன் அழுத்திவிடுவான்.

"கைய எடுடா!"

முற்றத்து வேலிக்கு வெளியிலிருந்து வந்தது அந்தக் குரல். கத்தல் என்று சொல்ல முடியாது. தொண்டைக்குள்ளேயே அடக்கிக் கத்திய கத்தல். ஆலங்கட்டி தொப்பியில் பட்டுத் தெறிக்க, வேலிக்கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி மர்டோ நின்றிருந்தார்.

"அப்பா, அது நகர மாட்டேங்குது..."

"உனக்கு என்னடா அவசரம்? எந்த வீட்ல கஞ்சி ஆறுது? பட்டன விட்டு தள்ளி நில்லு. அவ காத்திருக்கா பாரு, அந்த மாதிரி நில்லு. மாடுங்களே வரும்."

ஈவன் சூடு பட்டவன் போல் கையை இழுத்துக்கொண்டான். நான் மர்டோவைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பேன். சுட்டிப் பசுவையே பார்த்தேன்.

அது மூச்சை ஊதியது. கழுத்தை நீட்டி மஞ்சள் கோட்டின் திசையில் முகர்ந்தது. பிறகு, இதற்காகவா இவ்வளவு நேரம் நின்றோம் என்பதுபோல் தலையைத் தாழ்த்தியது. தரையைப் பார்த்து ஒரு கால். இன்னொரு கால். உள்ளே வந்து வரிசையில் நின்றது. பின்னால் நின்றவை தலை தாழ்த்தி, ஒன்றையொன்று உரசாமல், கோயிலுக்குப் போகிற பெண்கள் மாதிரி நிதானமாக நடந்து வந்து நின்றன.

நைரியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. குனிந்து ஏதோ எழுதிக்கொண்டார். பிறகு வெளிவாசலுக்குப் போய் நின்றார்.

அவருக்குப் பக்கத்தில் போய் நிற்க எனக்குக் கால் வரவில்லை. குழிக்குள்ளேயே வேலை இருப்பதுபோல் குழாயை எடுத்துக் கழுவிய இடத்தையே கழுவிக்கொண்டிருந்தேன். ஈவன்தான் எட்டி எட்டிப் பார்த்து எனக்குச் சேதி சொன்னான்.

"நேரா நடக்குது... இதுவும் நேரா... இது கொஞ்சம் இழுக்குதோ? இல்ல இல்ல, குட்டைய தாண்டிச்சு... ஷோனா, மிஸஸ் மில்ன் போகுது. ராணி மாதிரி போகுது! அந்தம்மா மட்டும் திரும்பி நைரிய ஒரு முற முறைச்சுது பாரு."

"வாய மூடு. அவங்களுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்! பாரு இங்க வந்து!"

போய்ப் பார்த்தேன். ஆலங்கட்டி நின்று வெயில் அடித்தது. நனைந்த முதுகுகள் மின்ன, பாதை நெடுக எங்கள் மந்தை போய்க்கொண்டிருந்தது. முதுகு கூனாமல், தலை ஆட்டாமல், நான்கு காலிலும் ஒரே அளவு பாரம் வைத்து. ஓர் ஆண்டுக்கு முன் இதே பாதையில் அவை போனதை நான் பார்த்திருக்கிறேன். அதே மாடுகள்தானா என்று இருந்தது.

கடைசிச் சோதனை புல்வெளியில். நைரி மேயும் மாடுகளை நோக்கிக் கையை முன்னால் நீட்டிக்கொண்டு மெல்ல நடப்பார். எவ்வளவு பக்கத்தில் விடுகின்றன, எங்கே விலகி ஓடுகின்றன என்று பார்ப்பார். மனிதனின் கை என்றால் மாட்டுக்கு என்ன நினைவு வருகிறது என்பது அதில் தெரிந்துவிடும். போன முறை அவர் கேட்டைத் திறந்ததுமே மந்தை மறுகோடிக்கு ஓடியது.

இந்த முறை சுட்டிப் பசு நேராக அவரிடம் வந்தது. மஞ்சள் கோட்டின் மேல் அதற்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை போலும். நாக்கை நீட்டிக் கைப்பக்கம் ஒரு நக்கு நக்கியது. ருசி பிடித்துவிட்டது. இன்னொன்று வந்தது. கொஞ்ச நேரத்தில் நைரியைச் சுற்றி மாட்டு மதில் எழும்பிவிட்டது. தொப்பி மட்டும் தெரிந்தது.

"ஷோனா!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "இதுங்க என்ன விட மாட்டேங்குதே!"

"நாங்களும் யாரையும் தள்ளறதில்ல நைரி. காத்திருங்க. அதுங்களே போகும்!" என்று கத்தினான் ஈவன். அந்தத் திமிரை அவனுக்கு அன்றைக்கு மன்னித்துவிட்டேன்.

கோட்டெல்லாம் எச்சிலாக, தொப்பி கோணலாக, நைரி சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"கூப்பிடற தூரத்துல யார் யார் இருக்கீங்களோ எல்லாரும் கேளுங்க," என்றார். "நொண்டற மாடு விரல் விட்டு எண்ணற அளவுதான். அதுங்களுக்கும் நீங்க ஏற்கெனவே வைத்தியம் பாத்துக்கிட்டு இருக்கீங்க. புதுசா ஒரு வால்கூட முறியல. இந்த மழையில, இந்த சேத்துல, இந்த வசந்தத்துல நான் பாத்த மந்தைங்கள்ல இதான் முதல். போன வருஷம் கடைசியிலருந்து எண்ணினா சீக்கிரமே வந்திருக்கும் உங்க பேரு."

"லாரி?" என்றேன்.

"லாரியா? அது வரும் ஷோனா. அதோட நானும் ஒருநாள் வரேன், பத்துப் பதினஞ்சு பண்ணைக்காரங்கள கூட்டிக்கிட்டு. அவங்க பாக்கணும், நீங்க எப்படி கறக்கறீங்கன்னு. அந்த மரக்கட்ட யோசன யாரோடது?"

நானும் ஈவனும் ஒரே நேரத்தில் திரும்பினோம். மர்டோ கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, தன்னைப் பற்றி இல்லாததுபோல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரோடது," என்றேன். "இன்னைக்கு என் புருஷன் கைய தடுத்து நிறுத்தினதும் அவர்தான்."

"அத நான் பாத்தேன்," என்றார் நைரி. "இந்த வேலைக்கு வந்ததுலருந்து எவ்வளவோ அப்பாக்கள் பிள்ளைங்கள திட்டினத கேட்டிருக்கேன். மாட்டுக்காகத் திட்டினத இன்னைக்குதான் கேட்டேன்."

அடுக்களையில், ரொட்டிக்குள் சீஸ் வைத்துச் சுருட்டிய சீஸ் ரோலைச் சுட்டு, வெண்ணெய் வழிய வழியத் தட்டில் அடுக்கினேன். நைரி நின்றுகொண்டே இரண்டு தின்றார், ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். ஈவன் யார் யாருக்கோ போன் போட்டு, நைரி சொன்னதைக் கொஞ்சம் கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தான். மர்டோ உள்ளே வரவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு நான் வெளியே போனேன்.

புல்வெளி வேலியில் முழங்கையை ஊன்றி அவர் மாடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் போய் அதேபோல் ஊன்றிக்கொண்டேன். தட்டை நீட்டினேன். நேராக அவரிடமே. ஒன்றை எடுத்துக்கொண்டார். கடிக்கவில்லை.

"நீ சொன்னது சரி பொண்ணே," என்றார். "போன வருஷமே சரி. அன்னைக்கே தெரியும் எனக்கு."

"அப்பறம் ஏன் ஒண்ணும் சொல்லாம போனீங்க?"

"என்னன்னு சொல்றது? பட்டன்லருந்து கைய எடுத்தா அந்தக் கைய எங்க வெக்கறதுன்னு தெரியல." மாடுகளைப் பார்த்தபடியே பேசினார். "மிஸஸ் மில்ன் தானா உள்ள வந்த அன்னைக்கு நான் வேலிக்கு வெளியதான் நின்னேன். நீ மூக்க உறிஞ்சிக்கிட்டே கறந்தத பாத்தேன். எத்தன வருஷம் கறந்திருக்கேன், ஒரு மாடு கூட அப்படி என்ன நம்பி வந்ததில்லையேன்னு இருந்துச்சு."

இவ்வளவு நாள் நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளையெல்லாம் தேடினேன். வந்துவிடுங்கள் என்று சொல்ல வாய் திறந்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"நீ சொல்லாத. இத நான்தான் கேக்கணும். குளிர்காலத்துலருந்து கேக்கணும் கேக்கணும்னு நெனச்சு வாய் வரல."

தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வேலியை விட்டுவிட்டு, என் பக்கமாக நேராகத் திரும்பினார். கண்கள் நனைந்திருந்தன. ஆனால் குரல் நடுங்கவில்லை.

"ஷோனா, மாட்டுக்கு காத்து நிக்கறது எப்படின்னு கத்துக்கணும் எனக்கு. நாளைக்கு காலையில உன் ஷெட்டுக்குள்ள நான் வரட்டுமா?"